அந்த வீட்டின் இதய நோயாளி

பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படியின் அடியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் நகலெடுக்கும் கடை அவளுடையது. ஆறடிக்கு எட்டடி. ஒரு பெரிய இயந்திரம், ஒரு சின்ன இயந்திரம், லேமினேஷன் பெட்டி, ஒரு முக்காலி. கடைக்கு முறையான பெயர்ப்பலகை உண்டு. அதைப் படித்தவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் அது ஜெராக்ஸ் அக்கா கடைதான். தலை நரைத்த வக்கீல்கள்கூட அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். "எனக்கு எத்தனை தம்பிங்கன்னு கணக்கெடுத்தா எங்கம்மா மயங்கி விழுந்துடுவாங்க" என்பாள்.

தொழிலில் அவள் வைத்திருந்த ஒரே சட்டம், கண்ணாடிமேல் வைக்கும் காகிதத்தைப் படிக்கக்கூடாது என்பது. உயில், விவாகரத்து மனு, ரத்தப் பரிசோதனை, வேலை நீக்கக் கடிதம் எல்லாம் அவள் கைவழியாகத்தான் போயின. அவள் பார்ப்பது நாலு மூலையும் நேராக விழுந்திருக்கிறதா, முத்திரை தெரிகிறதா, பக்க எண் வரிசையாக இருக்கிறதா, அவ்வளவுதான். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, என்ன எழுதியிருக்கான்னு நீங்களே பாருங்களேன்" என்று ஒரு கடிதத்தை நீட்டியபோதுகூட, "நான் கறுப்பு வெள்ளையைத்தாம்மா பார்ப்பேன். நல்லது கெட்டதெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லி, இரண்டு நகல் எடுத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து அனுப்பினாள்.

இருபத்திரண்டு வருஷம் இந்தச் சட்டம் அவள் பிழைப்பைக் காப்பாற்றியது. ஒரே ஒரு தடவை கவிழ்த்தது.

கடையிலிருந்து ஏழு நிமிஷ நடையில் வீடு. மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. வீட்டில் அவள், கணவர், இருபத்தாறு வயது மகள். மகளுக்கு வீட்டில் குட்டி என்று பெயர். பெயின்ட் கம்பெனியில் நிறம் சரிபார்க்கும் வேலை. கணவர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவராக இருந்து, பதினோரு வருஷத்துக்கு முன்னால் கவுண்டரில் உட்காரும் வேலைக்கு மாறியவர். மாறியதற்குக் காரணம் அவருக்கு வந்த ஹார்ட் அட்டாக்.

அந்த அட்டாக்கை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். கல்யாண வீடு, துக்க வீடு எதுவானாலும், சாப்பாட்டுக்கும் கை கழுவுவதற்கும் இடையில் அது வந்துவிடும்.

"பீரோவைத் தூக்கி நெஞ்சு மேல வச்ச மாதிரி. காலி பீரோ இல்ல, உள்ள துணியெல்லாம் அடுக்கின பீரோ. இடது கை மரத்துப் போச்சு. சட்டையைப் பிழிஞ்சா ஒரு வாளி வேர்வை. இவ பேரைச் சொல்லிக் கூப்பிடறேன், குரல் வரலை."

"என் பேரைச் சொன்னீங்களா? உங்க மேனேஜர் பேரைத்தான் சொன்னீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க" என்பாள் அவள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

அன்றிலிருந்து வீட்டில் சில விஷயங்கள் தாமாகவே அமைந்துபோயின. அவர் கனம் தூக்கக்கூடாது. தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், மாத மளிகை எல்லாம் மூன்று மாடி அவள் இடுப்பில் ஏறின. அவருக்கு உப்பும் எண்ணெயும் பாதி. முட்டையில் வெள்ளை அவருக்கு. மஞ்சளைக் குப்பையில் போட மனசு வராமல் அவள் வாயில் போட்டுக்கொள்வாள். அவர் காலையில் நாற்பது நிமிஷம் நடக்கப் போவார். அவர் வருவதற்குள் அவள் சமையலை முடிக்க ஓடுவாள். மாதம் ஒருமுறை கிளினிக்கில் அவருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். அவள் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பட்டையை இவள் கையிலும் ஒருதரம் சுற்றிப் பார்க்கலாமே என்று பதினோரு வருஷத்தில் நர்சுக்கோ, அவருக்கோ, அவளுக்கோகூடத் தோன்றவில்லை.

கெட்ட செய்தியை அவரிடம் நேராகச் சொல்லக்கூடாது. அவர் பேச்சை மறுத்துப் பேசக்கூடாது. எந்தச் சண்டையும் "விடு, அப்பாவுக்கு ஹார்ட்" என்ற இடத்தில் நின்றுவிடும். ஹார்ட் எல்லோருக்கும்தான் இருக்கிறது. அந்த வீட்டில் அது ஒருவருக்குத்தான் இருந்தது.

மகளுக்குக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊரில், பெரிய வேலை இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிவிட்டாள். மூன்றாவது முறையாக இப்போது வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இதுதான் கடைசி என்று மேலாளர் சொல்லிவிட்டாராம்.

"போயேன்டி" என்றாள் அம்மா.

"அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ ஒருத்தியா மூணு மாடி இறக்குவியா?"

அவர் கூடத்தில் செய்தித்தாளைத் திருப்பினார்.

அந்த மாதத்தின் இரண்டாவது வாரத்தில் அவளுக்குத் தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில் ஒரு வலி வந்தது. படியேறினால் வரும், நின்றால் போகும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் தண்ணீர் கேனை இறக்கி வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மெஷின் முன்னால் குனிந்து நிற்கிற உடம்பு, முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தாள். எதிர்க்கடை மருந்துக்காரர் வாயுவுக்கு ஒரு திரவம் கொடுத்தார். மூன்று நாள் கழித்து இன்னொன்று.

"நேரத்துக்குச் சாப்பிடறதில்ல, அதான்" என்றார்.

"சாப்பிடறேனே, எல்லார் வீட்டு மிச்சத்தையும்."

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று கடை வாசலில் கூட்டம். தாடையின் இடது பக்கம், பல்வலி போல ஆரம்பித்தது. வயிற்றைப் புரட்டியது. நெற்றியில் வேர்வை, தொட்டால் சில்லென்றிருந்தது. கையில் இருந்த பதினெட்டுப் பக்கத்தையும் முடித்து, மூலை தட்டி, கிளிப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஷட்டரை இழுத்தாள். ஏழு நிமிஷ நடைக்குப் பதினேழு நிமிஷம் ஆனது. அதன் பிறகு மூன்று மாடி.

கதவைத் திறந்த மகள், "அம்மா, என்ன உன் மூஞ்சி சாம்பல் மாதிரி இருக்கு?" என்றாள்.

"பல்லு வலி. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் படுக்கிறேன்."

கணவர் வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். விஷயம் தெரிந்தவர் நிற்கும் நிற்பு.

"முதுகு வலிக்குதுங்க. நாலஞ்சு நாளாவே" என்றாள்.

"வாயு ஏறியிருக்கு."

"அப்பா, ஹார்ட்டா இருக்குமோ?" என்றாள் மகள்.

"ஹார்ட்னா இப்படியா இருக்கும்? எனக்குத் தெரியாதா? பல்லுல எங்கயாவது ஹார்ட் இருக்கா? நெஞ்சு வலிக்குதா உனக்கு?"

அவள் யோசித்தாள். நெஞ்சில் ஒரு இறுக்கம் இருந்தது. ஆனால் பீரோ இல்லை. அவர் சொன்ன கதையை நூறு தடவை கேட்டவள். தன் உடம்பில் நடப்பதை அந்தக் கதையோடு ஒத்துப் பார்த்தாள். மூலைகள் பொருந்தவில்லை.

"இல்ல" என்றாள்.

"பாத்தியா. சுடுதண்ணி குடுத்துப் படுக்க விடு."

ஒன்றரை மணி நேரம் படுத்திருந்தாள். ஒரு மணிக்கு எழுந்து வாந்தி எடுத்தாள். குளியலறைச் சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். மகள் ஓடிவந்து தாங்கிக்கொண்டு கத்தினாள்.

"அப்பா! உங்க சட்டைப் பையில இருக்கற மாத்திரையை எடுங்க! நாக்குக்கு அடியில வைக்கறது!"

அவர் எப்போதும் சட்டைப் பையில் விரல் நீளத்துக்கு ஒரு எவர்சில்வர் குப்பி வைத்திருப்பார். அவசரத்துக்கு. சட்டை மாற்றும்போது அவள்தான் ஞாபகமாக அதை எடுத்துப் புதுச் சட்டையில் போடுவாள். அவர் கை அந்தப் பையின் மேல் போனது. அங்கேயே நின்றது.

"அது எனக்குக் குடுத்தது. ஆளுக்கு ஆள் மாறும்" என்றார்.

"அப்பா!"

"டாக்டரைக் கேக்காம குடுக்கக் கூடாதுன்னு சொல்றேன்ல!"

சுவரில் தலையைச் சாய்த்தபடி அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாகிற நேரத்தில் ஒரு மாத்திரைக்குக் கையை மூடுகிறாரே என்றுதான் நினைத்தாள். அவளுக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான்.

மகள் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். வந்தவர்கள் படுக்க வைத்து, வயர்களை ஒட்டி, காகிதம் நீண்டு வெளியே வரும்போதே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தொலைபேசியில் யாரிடமோ கேட்டுக்கொண்டு, ஒரு மாத்திரையை அவள் வாயில் வைத்தார். "முழுங்காதீங்க, மெல்லுங்க. நல்லா மெல்லுங்கம்மா." பிறகு நாற்காலியில் கட்டி இறக்கினார்கள். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அந்தப் படிகளில் அவளை இன்னொருவர் சுமந்தார்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, அடைத்திருந்த ரத்தக் குழாயைத் திறந்து, மறுபடி மூடாமலிருக்கச் சின்னதாய் ஒரு கம்பிவலை வைத்தார்கள். அவள் விழித்திருந்தாள். பக்கத்துத் திரையில் தன் இதயம் கறுப்பு வெள்ளையில் அசைவதைப் பார்த்தாள். படம் தெளிவாக இருக்கிறது என்று நினைத்தாள்.

மறுநாள் வந்த டாக்டரம்மா, குள்ளமான, வேகமாகப் பேசுகிற பெண்மணி.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"பதினொண்ணு இருக்கும்."

"ஒரு மணிக்குத்தான் போன் வந்திருக்கு. ரெண்டு மணி நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"திட்டறதுக்காகக் கேக்கலம்மா. குழாய் அடைச்சதும் அது ஊட்டுற தசை கொஞ்சம் கொஞ்சமா சாக ஆரம்பிக்கும். சீக்கிரம் திறந்தா மிச்சம். உங்களுக்கு அடிப்பக்கம் ஒரு பகுதி சரியா அசையலை. அதுல கொஞ்சம் திரும்பி வரும், எல்லாமே வராது."

"நெஞ்சே வலிக்கலையே டாக்டர்" என்றார் கணவர். "எனக்கு வந்தப்போ…"

"நெஞ்சுவலிதான் அதிகம், பொம்பளைங்களுக்கும் அதுதான். ஆனா முதுகு, தாடை, குமட்டல், காரணமில்லாத அசதி, இப்படியும் வரும். பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாவே வரும். ஒருத்தருக்கு வந்த மாதிரியே இன்னொருத்தருக்கும் வரணும்னு இல்ல. உங்க பிரஷர் கடைசியா எப்போ பார்த்தீங்கம்மா?"

"பிரசவத்தப்போ."

டாக்டரம்மா மகளைப் பார்த்தாள். மகளுக்கு இருபத்தாறு வயது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பிரஷர் எக்கச்சக்கம். சர்க்கரை எல்லைக் கோட்டுக்குப் பக்கத்துல நிக்குது. வீட்டுல யாருக்காவது ஹார்ட் பிரச்சினை?"

"எனக்கு" என்றார் கணவர்.

"நீங்க ரத்த சொந்தமா சார்? அம்மாவோட பொறந்த வீட்டைக் கேக்கறேன்."

"எங்கப்பா அம்பத்திரண்டு வயசுல போயிட்டார். ராத்திரி படுத்தவர் எழுந்திருக்கல. நல்ல சாவுன்னு எல்லாரும் சொன்னாங்க."

"அதுவே ஹார்ட்டா இருந்திருக்கலாம்" என்று எழுதிக்கொண்டாள் டாக்டரம்மா. முட்டை மஞ்சளைப் பற்றி அவள் குற்ற உணர்ச்சியோடு ஒப்புக்கொண்டபோது, "அதை விடுங்க. பார்க்காத பிரஷர்தான் முட்டையைவிடப் பெரிசு" என்றாள்.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுக்காததைப் பற்றி மகள் கேட்டாள். ரத்த அழுத்தம் அப்போது சரிந்து கொண்டிருந்ததால் கொடுக்காததே நல்லது என்றாள் டாக்டரம்மா. கணவரின் தோள் இறங்கி, முகத்தில் ரத்தம் திரும்பியது.

"கேட்டியா? நான் குடுக்காததே நல்லதாப் போச்சு" என்று அன்றைக்கு மட்டும் நான்கு பேரிடம் சொன்னார்.

கிளம்பும் நாளில் டாக்டரம்மா மகளிடம் சொன்னாள்: "அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் இருக்குன்னா நீயும் இப்பவே கவனமா இருக்கணும். அடுத்த வாரம் வரும்போது அப்பாவோட பழைய ஃபைலைக் கொண்டு வா. எந்தக் குழாய், எத்தனை அடைப்புன்னு பார்த்துடலாம்."

வீட்டில் அவளைக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். ஒரு மாதம் கடை இல்லை, படி இல்லை, கனம் இல்லை. பார்க்க வந்தவர்களுக்குக் கணவர்தான் நாற்காலி போட்டார், தேநீர் போட்டார். நன்றாகவே பார்த்துக்கொண்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தார். ஆனால் பேச்சு அவருடையதாகவே இருந்தது.

"இப்ப ரெண்டு பேரும் ஒரே கட்சி. என்ன, என்னோடது பெரிய அட்டாக். இவளோடது அடக்கமா வந்துட்டுப் போச்சு."

"ஆமா, என்னை மாதிரியே" என்றாள் அவள். வந்தவர்கள் சிரித்தார்கள். இந்தமுறை அவள் சிரிக்கவில்லை.

மகள் ஒரு மாலையில் கட்டிலோரம் உட்கார்ந்து, "வேணாம்னு எழுதிடறேம்மா. இப்ப ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர்" என்றாள். அம்மா எதுவும் சொல்லவில்லை. உண்மையில் அவளுக்கு அந்த வார்த்தை இதமாகத்தான் இருந்தது. பயந்து போயிருந்தாள். மகள் பக்கத்து அறையில் மூச்சு விடுகிற சத்தம் வேண்டியிருந்தது. பதில் எழுத இன்னும் நான்கு நாள் இருந்தது.

"உங்க ஃபைல் எங்கங்க?" என்று அவரைக் கேட்டாள்.

"அது எங்கயோ போச்சு. வீடு மாறினப்போ தொலைஞ்சிருக்கும்."

வீடு மாறவே இல்லை. அதற்கும் மேலாக, அந்த வீட்டில் ஒரு காகிதம் தொலைந்துபோகும் என்று அவளிடம் சொல்வதே தப்பு. காகிதம் அவள் தொழில். செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு, பீரோவின் அடித் தட்டில், குளிர்காலப் போர்வைக்குக் கீழே கையை விட்டாள். கனமே இல்லாத ஒரு நீல உறை. கட்டிலில் உட்கார்ந்து பிரித்தாள்.

பார்த்ததுமே ஒவ்வொரு பக்கமும் ஞாபகம் வந்தது. அவர் வேலை மாற்றத்துக்கு விண்ணப்பித்தபோது இதை மூன்று செட் எடுத்தவள் அவள்தான். ஆறாம் பக்கத்தில் ஆஸ்பத்திரி முத்திரை மங்கலாக விழுந்திருந்தது. அது தெளிவாக வரட்டும் என்று மை அடர்த்தியைக் கூட்டிக் குறைத்து நாலு தடவை எடுத்தாள். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, "முதல் பக்கம் போதும், முதல் பக்கம் மட்டும் போதும்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். "முழுசா இருக்கட்டும், அரைகுறையா நான் எடுக்கறதில்ல" என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள்.

முதல் பக்கம் சேர்த்த அன்று எழுதியது: நெஞ்சுவலி, மாரடைப்போ என்று சந்தேகம். ஆறாம் பக்கத்தில், முத்திரைக்கு ஒரு விரல் மேலே, தட்டெழுத்தில் இருந்ததை இப்போது படித்தாள். இதயத்தின் மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு இல்லை. மாரடைப்புக்கான அடையாளம் இல்லை. வலி இரைப்பை அமிலத்தால் வந்திருக்கலாம். புகையிலையை நிறுத்தவும். ஒரு வாரத்தில் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம்.

மறுபடி படித்தாள். எழுத்துகள் நன்றாகவே விழுந்திருந்தன.

அன்று மாலை அவர் வந்து, கை கால் கழுவி, கட்டிலில் உறையைப் பார்த்தார். சட்டையைக் கழற்றப் போன கை பொத்தானிலேயே நின்றது.

"உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஹார்ட் அட்டாக்கே வரல."

"முதல் நாள் நிஜமாவே வலிடீ. சத்தியமா. செத்துடுவேன்னுதான் நெனச்சேன்."

"ரெண்டாம் நாள்?"

"ரெண்டாம் நாள் டாக்டர் ஒண்ணுமில்லன்னுட்டார். வெளிய வந்தேன். நீ அழுது அழுது முகம் வீங்கி உக்காந்திருந்த. மேனேஜர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இனிமே வெயில்ல மாடி மாடியா ஏற வேணாம், ஆபீஸ்ல உக்கார்ற சீட் நான் பார்த்துத் தர்றேன்னார். அதுவரைக்கும் அந்த ஆள் என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்ல. அந்த நேரத்துல போய், வெறும் வாயுங்கன்னு எப்படிச் சொல்றது?"

"அன்னைக்கு வேணாம். அதுக்கப்புறம் பதினோரு வருஷம் இருந்துச்சே?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆனா ஆபீஸ்ல முதல் பக்கத்தை மட்டும் குடுத்துட்டேன். ஒவ்வொரு நாளும் சொல்லணும்னு… நாளாக ஆக அது பெரிசாயிடுச்சு."

"டப்பாவுல நாள்வாரியா அடுக்கி வச்சுச் சாப்பிடறீங்களே, அது என்ன?"

"சத்து மாத்திரை. அப்புறம் வயித்துக்கு ஒண்ணு."

"சட்டைப் பையில?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "பெப்பர்மின்ட்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்தவுடன் நெஞ்சுக்குள் ஏதோ நகர்ந்தது, நிறுத்திக்கொண்டாள். மூன்று மாடியும், கேனும், சிலிண்டரும் அவள் மனசில் வரவில்லை. அவற்றைக்கூட மன்னித்திருப்பாள் போல. குளியலறைத் தரையிலிருந்து பார்த்த அந்தக் கை வந்தது. அதற்கு முன்னால், கட்டிலோரம் விஷயம் தெரிந்தவராக நின்ற நிற்பு வந்தது.

"ஹார்ட்னா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியாது" என்றாள் மெதுவாக. "தெரியாத ஒண்ணை வச்சுக்கிட்டு எனக்கு இல்லன்னு சொன்னீங்க. நான் உங்களை நம்பி, என் உடம்பை நம்பாம படுத்துக் கிடந்தேன். டாக்டர் சொன்னாங்களே செத்துப் போன தசைன்னு. அது அப்போ செத்தது."

அவர் அழ ஆரம்பித்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவருவாள். எழுந்திருக்கவில்லை. டாக்டர் எழக்கூடாது என்று சொல்லியிருந்தாலும், அதனால் இல்லை.

"குட்டிகிட்ட நீங்களே சொல்லணும்."

"அவகிட்ட வேணாம். என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா."

"வெள்ளிக்கிழமைக்குள்ள அவ பதில் எழுதணும். உங்களுக்காக ரெண்டு தடவை விட்டுட்டா."

"இப்ப உனக்காகத்தான் விடறா. உனக்கும் அவ இங்க இருந்தா நல்லதுதானே? யோசிச்சுப் பாரு. நான் வாயைத் திறக்காம இருந்தா அவ இங்கயே இருப்பா."

இது அவளைச் சுட்டது, ஏனென்றால் அதில் பொய் இல்லை. ஒரு இரவும் ஒரு பகலும் அதைச் சுமந்துகொண்டு கிடந்தாள். பேசாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் புரிந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம். நாளை என்று தள்ளினால் போதும். மகள் தானே காபி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். அவர் பதினோரு வருஷம் எப்படி இருந்தார் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை.

வியாழக்கிழமை மாலை மகள் செருப்பைக் கழற்றும்போதே, "அப்பா உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்" என்றாள் அம்மா.

அவர் சொன்னார். முதலில் வலியைப் பற்றி ரொம்ப நேரம் சொன்னார். மேனேஜரைப் பற்றிச் சொன்னார். கடைசியில் உறையையும் அந்தக் குப்பியையும் மேசையில் வைத்தார். மகள் நின்றபடியே ஆறாம் பக்கத்தைப் படித்தாள். அவள் கத்துவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அம்மா பாத்ரூம்ல விழுந்து கிடந்தப்போ நான் மாத்திரை கேட்டேன். அப்பக்கூடச் சொல்லத் தோணலையாப்பா?"

"பயந்துட்டேன்மா."

"எதுக்கு? அம்மா செத்துடுவாங்கன்னா, குப்பியைத் திறந்துடுவேன்னா?"

மகள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி கழித்துத் திறந்து வந்தாள்.

"நான் போகலம்மா. இவர்கிட்ட உன்னை விட்டுட்டு எப்படிப் போறது?"

"அதே வார்த்தையைத்தானே இத்தனை வருஷமா மாத்திப் போட்டுச் சொல்லிக்கிட்டிருந்த? அப்பாவுக்காக இருந்த, இப்ப அப்பாவால இருக்கப் போறியா?" அவள் குரல் உயரவில்லை, உயர்த்தக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "போ. தண்ணி தூக்க அவருக்கு உடம்பு இருக்கு. மூணு குழாயும் சுத்தம்னு எழுதியே குடுத்திருக்காங்க."

"உனக்கு பயமா இல்ல?"

"இருக்கு. பயத்துக்காக உன்னைப் பிடிச்சு வச்சுக்கிட்டா அப்புறம் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

மகள் வெள்ளிக்கிழமை காலை ஒப்புக்கொண்டு எழுதினாள். மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டியிருந்தது. அந்த மூன்று வாரமும் அவள் அப்பாவிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். அவர் தண்ணீர் கேன் தூக்கினார், சமைக்கக் கற்றார், கருக்கினார். தன் கட்டிலை மகள் அறைக்கு மாற்றச் சொன்னாள் அம்மா. ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றினார். "எப்போ என்னை மன்னிப்ப?" என்று ஒருநாள் கேட்டார். "எனக்கு பிரஷர் ஏறக்கூடாதுங்க" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிளம்பும் நாள் காலை, பெட்டியை அவர்தான் எடுத்தார். மகள் முன்னால், அம்மா ஒவ்வொரு படியாகப் பின்னால். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் பெட்டியை இறக்கி வைத்து, மூச்சு வாங்க, கையை நெஞ்சில் வைத்தார். பழக்கம். வைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையை எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பிடியில் போட்டார். பெண்கள் இருவரும் காத்திருந்தார்கள். யாரும் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அவர் பெட்டியை மறுபடி தூக்கினார்.

தெருவில் வண்டி நின்றது. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தம் உறையாம இருக்கற ரெண்டு மாத்திரையும் ஒரு நாள்கூட நிறுத்தாத. டாக்டர் சொல்ற வரைக்கும். உடம்பு நல்லா இருக்கேன்னு நீயா நிறுத்திடாத."

"சரி."

"தினம் நட. அரை மணி. கடைக்குப் போறது கணக்குல வராது."

"சரிடி, டாக்டரம்மா."

"முதுகோ, தாடையோ, என்னமோ ஒரு மாதிரி இருந்துதுன்னா, படுக்காத. யாரையும் கேக்காத. முதல்ல ஆம்புலன்ஸ். அப்புறம் எனக்கு."

அவர் பெட்டியை வண்டிக்குள் வைத்துவிட்டு, நிமிர்ந்து, இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் கேட்கும் தூரம்தான்.

"அப்பாவுக்கு எப்போ சொல்றது?" என்றாள் அம்மா.

மகள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கினாள்.

"ஆம்புலன்ஸ் வந்ததுக்கப்புறம்" என்றாள். "தூக்கறதுக்கு ஆள் வேணும்ல."